எம்டன் சுட்ட இரவு: சென்னைக் கரையில் இருந்தவர்கள் கண்டது என்ன?

துறைமுகத்தான்

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி அளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. கதை எல்லாருக்கும் தெரியும். கப்பலைப் பற்றியும் அதன் தளபதி கார்ல் ஃபான் முல்லரைப் பற்றியும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் கரையில் இருந்த ஐந்து லட்சம் பேரைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான் கைவருகிறது: "மக்கள் பீதியடைந்து ஊரைவிட்டு ஓடினார்கள்." அந்த வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. படிக்கும்போதே ஆட்டு மந்தை நினைவுக்கு வரும்படி எழுதுகிறார்கள். அவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் கேட்டார்கள், ஏன் கிளம்பினார்கள் என்று கேட்பாரில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

அந்த இரவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. ஆனந்த வருடம், புரட்டாசி மாதம். அமாவாசை கழிந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. மூன்றாம் பிறை மாலையிலேயே மறைந்திருக்கும். நவராத்திரி தொடங்கிவிட்டது, கொலு வைத்த வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரம். ஊர் விளக்குகள் எதுவும் அணைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் எரிந்தது. அதாவது கடல் முழுக்க இருட்டு, கரை முழுக்க வெளிச்சம். சுட வருகிறவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? சுமார் மூவாயிரம் கஜ தூரத்திலிருந்து பத்து நிமிடம் சுட்டார்கள். 130 குண்டு வரை. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, வேறு சில சேதமடைந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. உயிரிழந்தவர்கள் ஐந்து பேர் அளவில். பிறகு கப்பல் இருட்டில் போய்விட்டது.

எம்டன் என்ற பெயர் நம் பேச்சுவழக்கில் எப்படிப் புகுந்தது என்ற பேச்சை யாரும் தயவுசெய்து இங்கே எடுக்க வேண்டாம். அதற்கு வேறு இழைகள் போதுமான அளவு இருக்கின்றன.

கேள்விநாயகம்

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தா அன்று கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தாராம். கப்பலைக் கண்ணால் கண்டாராம். மேல்தளத்தில் வெள்ளைச் சீருடையில் தளபதி நின்றதுகூடத் தெரிந்ததாம். சிறு வயதில் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால் கொஞ்சம் இடிக்கிறது. நம்பலாமா?

துறைமுகத்தான்

கடற்கரையில் இருந்தார் என்பதை நம்பலாம். தளபதியின் சீருடையை விட்டுவிடுங்கள்.

எம்டன் விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டாகவே வந்தது. நெருங்கிய பிறகு சர்ச் லைட்டைப் போட்டு, ஒளியைத் தொட்டிகள் மேல் நிறுத்தி, உடனே சுடத் தொடங்கியது. சர்ச் லைட் எரியும் திசையைக் கரையிலிருந்து பார்க்கிறவருக்குக் கண் கூசும். விளக்குக்குப் பின்னால் இருக்கும் கப்பல் தெரியாது. கடலில் ஒரு வெள்ளை ஒளி, பக்கத்தில் செந்நிறமாகப் பளிச் பளிச்சென்று வரிசையாக மின்னல். கரையில் நின்றவர் கண்டது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மூவாயிரம் கஜம் என்றால் ஏறத்தாழ 2,700 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்கச் சத்தத்துக்கு எட்டு விநாடி ஆகும். எம்டனின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிக் குண்டு கிளம்பும் வேகமோ ஒலியைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே துறைமுகத்தின் அருகே இருந்தவருக்கு முதலில் கடலில் மின்னல் தெரியும், அடுத்து பக்கத்தில் குண்டு வெடிக்கும், அதற்கும் பின்னால்தான் கடலிலிருந்து முழக்கம் வந்து சேரும். முழக்கம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவருக்கு எல்லாம் முடிந்திருக்கும். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பத்து நிமிடத்தில் வந்தால், எந்த மின்னலுக்கு எந்த முழக்கம் என்று யாரால் பிரித்தறிய முடியும்? சுடுவது ஒரு கப்பலா, நான்கா என்று கரையிலிருந்தவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. உங்கள் கொள்ளுத்தாத்தா தாம் கண்டதோடு, பிற்பாடு பத்திரிகையில் படித்ததையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான்.

நெய்தல்

நல்ல விளக்கம். ஆனால் தொட்டிகள் எரிந்த வெளிச்சம் ஊரையே பகலாக்கியிருக்குமே, அதில் கப்பல் தெரிந்திருக்காதா?

துறைமுகத்தான்

தீ கரையில். அதன் வெளிச்சத்தில் கரைதான் தெரியும், அதுவும் கடலில் இருப்பவனுக்கு. கப்பலின் மாலுமிகள் கரையைவிட்டு வெகுதூரம் போன பிறகும் வானத்தில் அந்தச் செம்மையைக் கண்டதாக எழுதியிருக்கிறார்கள்.

வடக்குவாசல்

இழையைக் கெடுக்க வரவில்லை, ஆனால் இதைக் கேட்டே ஆக வேண்டும். எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் சென்னையை அடையாளம் காட்டினார், மக்கள் மீது குண்டு விழாமல் பார்த்துக்கொண்டார் என்று பள்ளியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் அவரைப் பற்றி வாயே திறக்கவில்லையே?

ஆவணப்பூனை

இதற்கு நான் பதில் சொல்கிறேன். செண்பகராமன் பெரிய மனிதர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல். ஆகஸ்ட் நடுவில் பசிபிக் கடலிலுள்ள பேகன் தீவருகே ஸ்பே என்ற ஜெர்மானிய அட்மிரலின் கப்பற்படையிலிருந்து பிரிந்து, தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. செண்பகராமன் அந்த மாதங்களில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு பெர்லினுக்குப் போனார். சூரிக்கில் இருந்தவர் எப்படி நடுக்கடலில் ஏறுவார்? தளபதிக்கு அடுத்த நிலையில் இருந்த ஹெல்முட் ஃபான் மூக்கே தம் அனுபவங்களை விரிவாகவே எழுதியவர். இந்தியர் ஒருவர் உடன் இருந்திருந்தால் ஜெர்மனி அதைப் பறைசாற்றிப் பெருமை பேசியிருக்கும்.

வழிகாட்ட ஆள் தேவைப்பட்டிருக்கவும் இல்லை. லவுட்டர்பாக் என்ற ரிசர்வ் அதிகாரி எம்டனில் இருந்தார். போருக்கு முன் கிழக்காசியக் கடல்களில் வணிகக் கப்பல் ஓட்டிப் பழகியவர். போதாக்குறைக்கு உயர் நீதிமன்றத்தின் மேல் நாமே விளக்கேற்றி வைத்திருந்தோம்.

வடக்குவாசல்

அப்படியானால் சிலை, பாடம் எல்லாம்?

ஆவணப்பூனை

சிலை அவருடைய மற்ற உழைப்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர்.

சட்டம்படித்தவள்

மக்கள் மீது குண்டு விழாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதைக் கொஞ்சம் தட்டிக்கேட்க வேண்டும். முல்லர் கண்ணியமானவர் என்ற பெயருக்குக் காரணம் உண்டு. பிடித்த கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் வேறு கப்பலில் ஏற்றி அனுப்பினார். கபிங்கா என்ற கப்பலில் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல் விட்டார். எல்லாம் சரி. ஆனால் சென்னையின் தொட்டிகள் இருந்தது துறைமுகத்தை ஒட்டி; அவற்றின் பின்னால் ஜார்ஜ் டவுன். அந்தக் காலத்துக் குறிபார்க்கும் கருவிகளோடு இரவில் 130 குண்டு சுட்டால், தொட்டியைத் தாண்டிப் போகிறவை எங்கே விழும்? ஊருக்குள்தான். உயர் நீதிமன்றத்தின் மதிலில் ஒன்று விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டுப் பலகை இருக்கிறது. தொட்டிகளைக் குறிவைத்தார் என்பது உண்மை. ஊரைக் காப்பாற்றினார் என்பது நாம் சேர்த்துக்கொண்டது.

சட்டப்படி பார்த்தால் 1907ஆம் ஆண்டின் ஹேக் ஒன்பதாவது உடன்படிக்கை, பாதுகாப்பற்ற துறைமுகங்களைக் கப்பலிலிருந்து சுடக்கூடாது என்கிறது. சென்னையில் கரைப் பீரங்கிகள் இருந்தன. ஆகவே அது பாதுகாப்பற்ற ஊர் என்ற வாதம் நிற்காது. அப்படிப்பட்ட ஊரில்கூட இராணுவத்துக்குப் பயன்படும் கிடங்குகளை அழிக்க அதே உடன்படிக்கை வழி விட்டுவைத்திருக்கிறது. முன்னெச்சரிக்கை செய்வதைக்கூட அவசரத்தைக் காரணம் காட்டித் தவிர்க்கலாம். எழுதியவர்கள் எல்லாரும் கடற்படை வைத்திருந்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நெய்தல்

அந்தக் கரைப் பீரங்கிகள் என்ன செய்தன?

துறைமுகத்தான்

சில குண்டுகள் சுட்டன. எதுவும் படவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. மறுநாள் காலையில் ஒரு குடும்பத் தலைவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்தது என்ன? செப்டம்பர் 10 தொடங்கி வங்கக் கடலில் வரிசையாகக் கப்பல்கள் காணாமல் போயின. அந்தச் செய்தி வந்ததும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சில நாளில், ஆபத்து நீங்கியது என்று மறுபடி திறந்தார்கள். திறந்த சூட்டோடு, எந்தக் கப்பல் போய்விட்டது என்றார்களோ அந்தக் கப்பலே வீட்டு வாசலுக்கு வந்து சுட்டுவிட்டது. கோட்டை பக்கத்திலேயே இருந்தும் தடுக்க முடியவில்லை. வந்தவன் அடிபடவும் இல்லை, பிடிபடவும் இல்லை; எங்கே போனான் என்றே யாருக்கும் தெரியவில்லை. மறுநாளும் மண்ணெண்ணெய் எரியும் கரும்புகை கண்ணெதிரே. அரசாங்கம் மறுபடி கப்பல் போக்குவரத்தை நிறுத்துகிறது, அதே வாயால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அறிவிக்கிறது.

இந்த மனிதர் மனைவி மக்களை ரயிலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பியது பீதியா, கணக்கா?

அவர்கள் ஓடியது குண்டு விழுந்த அந்தப் பத்து நிமிடத்தில் இல்லை. ரயில் நிலையங்களில் கூட்டம் நெரிந்ததெல்லாம் அதை அடுத்த நாட்களில். ஓர் இரவு தூங்காமல் யோசித்து, மூட்டை கட்டி, டிக்கெட் வாங்க வரிசையில் நின்றிருக்கிறார்கள். பயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு முதல் காரணம் அரசாங்கத்தின் சொல்லில் நம்பிக்கை போனது. ஆங்கிலேயர்களின் கௌரவத்தைக் குலைப்பது, வணிகத்தைக் கலைப்பது, இதுதான் தம் நோக்கம் என்று முல்லரே எழுதியிருக்கிறார். சென்னை மக்கள் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு எதிரியே சாட்சி.

பழையபேட்டை

அடுக்கிச் சொன்னீர்கள், அழகாக இருக்கிறது. ஆனால் பீதி என்ற ஒன்றே இல்லாததுபோல் எழுதுவதும் ஒரு பக்கச் சாய்வுதான். கடைகள் மூடின, வதந்திகள் பறந்தன, நகைநட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எம்டன் திரும்பவும் வருகிறது என்று ஒருவன் தெருவில் கத்தினால் போதும். இதற்கெல்லாம் கணக்கு, யோசனை என்று கௌரவப் பெயர் சூட்ட வேண்டுமா? பயந்தார்கள், ஓடினார்கள். மனித இயல்பு. இதில் என்ன வெட்கம்?

துறைமுகத்தான்

வெட்கம் இல்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் வெட்கப்பட வைத்தார்கள் அல்லவா? அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளின் பேச்சில் "சுதேசிகள் எளிதில் கலவரப்படும் கூட்டம்" என்ற தொனியே மேலோங்கி நிற்கும். அதையே நம்மவர்களும் எடுத்து இன்றுவரை நகைச்சுவையாக எழுதுகிறார்கள். அந்தத் தொனி மீதுதான் என் கோபம்.

ஆவணப்பூனை

பழையபேட்டை ஐயாவுக்கு ஒரு தகவல். சென்னைக்கு நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1914 டிசம்பர் 16 காலை எட்டு மணி அளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ, ஹார்ட்டில்பூல், விட்பி ஆகிய மூன்று கடலோர ஊர்களைச் சுட்டன. ஹார்ட்டில்பூலில் கரைப் பீரங்கிகள் இருந்தன, அவை திருப்பியடிக்கவும் செய்தன. ஸ்கார்பரோவில் இருந்ததோ ஓர் இடிந்த பழங்கோட்டை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பொதுமக்கள். ஸ்கார்பரோ மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இரவு உடையோடு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே போகும் சாலைகளில் நடந்தார்கள். ஜெர்மானியர்கள் தரையிறங்கப் போகிறார்கள் என்ற வதந்தி வேறு.

அவர்களை யாரும் எளிதில் கலவரப்படும் கூட்டம் என்று சொல்லவில்லை. ஸ்கார்பரோவை மறக்காதே என்று சுவரொட்டி அடித்துப் படைக்கு ஆள் சேர்த்தார்கள். சேதத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் நடந்துகொண்ட விதத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

பழையபேட்டை

இந்த ஒப்பீட்டை நான் இதுவரை எங்கும் படித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன், பூனையாரே. ஆனாலும் "பயந்தார்கள்" என்ற சொல்லை நான் விடுவதாக இல்லை.

பினாங்குக்காரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கும் எம்டன் வந்தது, சென்னைக்கு ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 அதிகாலையில். போலியாக நான்காவது புகைப்போக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, பார்ப்பவர்கள் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைக்கும்படி துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. உள்ளே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுக்கைப் பக்கத்தில் போய் டார்பிடோவால் அடித்தது. அதன் தளபதி அன்றிரவு கப்பலிலேயே இல்லை, கரையில் இருந்தார். சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது, எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். வெளியே போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, உயிர் தப்பிய மாலுமிகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு போனது எம்டன்.

துறைமுகத்தான் ஐயா சொன்ன இருட்டு விளக்கத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இது. பினாங்கில் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது, தூரமும் குறைவு. சத்தம் கேட்டுக் கடற்கரைத் திடலுக்கு ஓடி வந்தவர்கள் எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்தார்கள். அங்கே சண்டை போர்க்கப்பல்களுக்கு இடையே, ஊரைக் குறிவைக்கவில்லை. மக்கள் ஓடுவதற்குப் பதில் கரைக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரஷ்ய மாலுமிகளுக்கு மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது, இன்றும் போய்ப் பார்க்கலாம்.

நெய்தல்

ஆக, கண்ணால் பார்த்த ஊர் நின்றது, பார்க்க முடியாத ஊர் கிளம்பியது என்கிறீர்கள்.

பினாங்குக்காரன்

அவ்வளவு எளிதாக முடிச்சுப் போட வேண்டாம் அம்மா. பினாங்கு ஒரு தீவு. கிளம்பினாலும் எங்கே போவது? படகில் ஏறித்தான் போக வேண்டும், கடலிலோ எம்டன்.

சட்டம்படித்தவள்

சென்னைக்கும் அது பொருந்தும். யாருக்குப் போக இடம் இருந்ததோ அவர்கள் போனார்கள். தஞ்சாவூரிலோ நெல்லூரிலோ வீடும் நிலமும் இருந்தவருக்கு ரயில் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கூலி வாங்கியவர், அன்றாடம் கடலுக்குப் போன ராயபுரத்து மீனவர், இவர்கள் எங்கே போவார்கள்? சென்னை காலியானது என்று எழுதுகிறவர்கள் இவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உண்மையில் குண்டு விழுந்த இடத்துக்கு மிக அருகே இருந்தவர்களும் இவர்கள்தான், கடைசிவரை இருந்தவர்களும் இவர்கள்தான்.

துறைமுகத்தான்

இது நான் எழுதியிருக்க வேண்டிய பதிவு. நன்றி.

ஆவணப்பூனை

இடையில் ஒரு செய்தி, இழைக்குச் சம்பந்தமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதே 1914 செப்டம்பர் 22 அன்று, எம்டன் பிரிந்து வந்த அந்த ஸ்பேயின் படையைச் சேர்ந்த ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் என்ற இரு பெருங்கப்பல்கள் பசிபிக் கடலில் தஹிட்டித் தீவின் பப்பேட்டே ஊரைச் சுட்டன. நிலக்கரிக்காக வந்தார்கள். அது கிடைக்கக் கூடாது என்று பிரெஞ்சுக்காரர்களே கிடங்கைக் கொளுத்திவிட்டார்கள். ஊரின் நடுப்பகுதியும் சந்தையும் எரிந்தன. மக்கள் மலைப்பக்கம் ஏறிவிட்டார்கள். போதாததற்கு, அதே நாள் காலையில் வட கடலில் ஒரே ஜெர்மானிய நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்து ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சென்னைச் செய்தி லண்டனில் ஏன் பெரிதாக எடுபடவில்லை என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்விநாயகம்

போனவர்கள் எப்போது திரும்பினார்கள்?

துறைமுகத்தான்

சென்னையிலிருந்து எம்டன் தெற்கே போய் இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக்கடல் பக்கம் நகர்ந்தது. மினிக்காய் அருகே கப்பல்களைப் பிடித்தது என்ற செய்திகள் வரவர, இங்கே இல்லை என்ற தெளிவு ஏற்பட்டு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நிலைக்கு வந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கிய செய்தி வந்த பிறகுதான் முழு நிம்மதி. எம்டன் மாலுமிகள் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். முல்லர் சிறைப்பட்டார்.

பழையபேட்டை

1942ஐ யாரும் தொடவில்லையே. ஏப்ரலில் ஜப்பானியர்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியபோது சென்னையில் நடந்தது என்ன? இந்த முறை அரசாங்கமே முன்னால் ஓடியது! அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். உயிரியல் பூங்காவிலிருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று. படையெடுப்பு எதுவும் வரவே இல்லை. துறைமுகத்தானின் வாதத்துக்கு நான் எதிராளி, ஆனால் அவருக்கு இதைவிட நல்ல சான்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பீதி என்ற சொல்லை யாருக்காவது பொருத்த வேண்டும் என்றால் இவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

துறைமுகத்தான்

ஐயா, இதற்கு மேல் உங்களை எதிராளி என்று எப்படிச் சொல்வது? 1942க்குத் தனி இழை தொடங்குங்கள், முதல் பதிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். அரசாங்கம் கிளம்பிய அறிவிப்பை மக்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். நான் துறைமுகப் பக்கத்துச் செய்திகளை அங்கே எழுதுகிறேன்.

வடக்குவாசல்

அந்த இழையிலாவது செண்பகராமனுக்கு இடம் உண்டா?

ஆவணப்பூனை

அவர் 1934லேயே பெர்லினில் காலமாகிவிட்டார் நண்பரே.